காரைத் தூங்க விடு

பிப்ரவரி 9

அம்மா,

நீ ஃபோனை எடுக்காததால் எழுதுகிறேன். சண்டையைப் பற்றி இதில் ஒரு வார்த்தையும் இருக்காது. "அறுபது தாண்டியாச்சு, அந்த வேலையை விட்டுத் தொலையேன்" என்று நான் சொன்னதும், நீ பட்டென்று வைத்ததும் அப்படியே கிடக்கட்டும். இது காரைப் பற்றி மட்டும்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து என் ஃபோனில் கார் தெரியவில்லை. ஆப்பைத் திறந்தால் வட்டம் ஒன்று சுற்றுகிறது, சுற்றுகிறது, பிறகு 'வாகனத்துடன் தொடர்பு கிடைக்கவில்லை' என்கிறது. கடைசியாகத் தெரிந்த இடம் பேக்கரிக்கு எதிரே. அங்கே நீ ஏன் நின்றாய்? ஆய்வகத்துக்காக நீ ரத்தம் எடுக்கப் போகிற வீடு எதுவும் அந்தத் தெருவில் இல்லையே.

தயவுசெய்து நான் சொல்கிறதை வரிசையாகச் செய். முதலில் காரைத் தரைக்கு அடியில் இருக்கிற நிறுத்தத்திலிருந்து மேலே தெருவுக்குக் கொண்டு வா. கீழே சிக்னல் இருக்காது. மேலே வந்ததும் திரையின் வலது மூலையில் சின்னக் கோடுகள் தெரிகிறதா பார். காருக்குள்ளேயே ஒரு சிம் இருக்கிறது, அது உயிரோடு இருந்தால்தான் கோடுகள் வரும். வராவிட்டால் ஸ்டியரிங்கில் இருக்கும் இரண்டு உருளைகளையும் சேர்த்து அழுத்திப் பிடி. திரை கறுத்துப்போய்த் திரும்ப வரும். பயப்படாதே, காருக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம் உன் ஃபோனில் ஆப்பைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்.

வந்ததா இல்லையா என்று ஒரு வரி போதும். 

உன் மகள்


பிப்ரவரி 11

சில்வண்டுக்கு,

நீ பிறந்த நாளிலிருந்து காதுக்குள் ரீங்காரம் போடுகிறாய். அந்தப் பெயரை உனக்கு உன் அப்பா சும்மா வைக்கவில்லை.

பேக்கரிக்கு எதிரே நான் எதற்கு நின்றேன் என்று கேட்டிருக்கிறாய். பசித்தது, நின்றேன். காலையில் வீடு வீடாகப் போகிறேன். ரத்தம் கொடுக்கிறவர்கள்தான் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்று சட்டம், எடுக்கிறவளுமா? இனி பன் வாங்கினாலும் உனக்குத் தந்தி அடித்துவிட்டு வாங்க வேண்டுமோ என்னவோ.

நீ சொன்னதைச் செய்தேன். காரை மேலே கொண்டு வந்தேன். பின்னாலிருந்து எதிர்வீட்டுப் பல்மருத்துவர் ஹாரன் அடித்தார், "ரெண்டு நிமிஷம் பொறுங்க டாக்டர், என் பொண்ணு காருக்கு வைத்தியம் பாக்குறா" என்றேன். கோடுகள் இல்லை. உருளைகளை அழுத்திப் பிடித்தேன். திரை கறுத்தது, எனக்கும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. திரும்பி வந்தபோது கார் ஏதோ புரியாத மொழியில் பேச ஆரம்பித்துவிட்டது. இன்று காலை முழுக்க அது என்னைத் திட்டுகிறதா, வழி சொல்கிறதா என்று தெரியாமலே ஓட்டினேன். இத்தனை செய்தும் ஆப்பு வரவில்லை. ஆப்பு என்று எழுதியது சரிதான், அது நீ எனக்கு அடித்த ஆப்புத்தான்.

கார் ஓடுகிறது. நானும் ஓடுகிறேன். செத்துப்போனது ஆப் மட்டும்தான். அதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

ஃபோனை நான் வைக்கவில்லை. சிவப்புப் பொத்தானில் விரல் பட்டது, அது வைத்துக்கொண்டது.

அம்மா


பிப்ரவரி 12

அம்மா,

திரையில் பல் சக்கரம் போல ஒரு படம் இருக்கும். அதைத் தொட்டால் வருகிற பட்டியலில் பூமி உருண்டை போட்ட வரி எதுவோ அதுதான் மொழி. தமிழ் இருக்கிறது. மாற்று, புரியாமல் ஓட்டாதே.

கார் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்தவர் ரொம்ப மரியாதையானவர், ஆனால் சொன்னதையே சொன்னார். "மேடம், நீங்க வண்டிக்குப் பக்கத்துல இருக்கீங்களா?" என்றார். "இல்லைங்க, விமானத்துல போனாலும் பாதி நாள் ஆகும்" என்றேன். "சரி மேடம், வண்டிக்குப் பக்கத்துல போயிட்டுக் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டார். இரண்டாவது தடவை வேறு ஒருவர் எடுத்தார். அவர் சொன்னபடி ஆப்பை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினேன், கடவுச்சொல்லை மாற்றினேன், பழைய ஃபோன் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தேன். உன் ஃபோனும் என் ஃபோனும்தான் இருக்கின்றன. கடைசியில் அவர் சொன்னது இது: காருக்குள் பெரிய பேட்டரியைத் தவிர சின்னதாக ஒன்று இருக்கிறதாம். கதவு, விளக்கு, சிம் எல்லாம் அதில்தான் ஓடுகிறதாம். அது பலவீனமானால் கார் முதலில் வெளியுலகத் தொடர்பைத்தான் அறுத்துக்கொள்ளுமாம். சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டு அதைப் பார்க்கச் சொல். இந்த வாரமே.

நீ ஏன் ஆர்ப்பாட்டம் என்று கேட்கிறாய். அப்பா சாலை ஓரத்தில் வண்டியை ஒழுங்காக நிறுத்தி, விளக்கை அணைத்து, தலையைச் சாய்த்துக்கொண்டார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் தூங்குகிறார் என்று நினைத்தார்கள். நாமும் ஓட்டிக்கொண்டிருப்பார், அதனால்தான் எடுக்கவில்லை என்று நினைத்தோம். அவர் போய்விட்டார் என்று சாயங்காலம்வரை யாருக்கும் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் காரையே தேடிப்பிடித்தேன். நீ நின்றால் நின்றது தெரியும், நகர்ந்தால் நகர்ந்தது தெரியும். இப்போது எனக்குத் தெரிவது அந்த வட்டம்தான்.

மாதக் கடைசிக்குள் இது சரியாகாவிட்டால் நான் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன். மிரட்டல் இல்லை, செய்தி.

உன் மகள்


பிப்ரவரி 17

சில்வண்டுக்கு,

வேலையை எழுதிக் கொடுக்கிறவள் எழுதிக் கொடுக்கலாம், ஆனால் இந்த வீட்டுக் கதவு உனக்குத் திறக்காது. விமான நிலையத்தில் பெட்டிகள் ஓடுகிற பட்டைகளைத் திரையில் பார்க்கிற அந்த வேலைக்கு நீ எத்தனை பரீட்சை எழுதினாய் என்று எனக்குத் தெரியும். உனக்குப் பதில் எனக்குத்தான் காய்ச்சல் வந்தது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், முழுசாகக் கேள்.

நேற்றுக் காலை மேட்டுத்தெரு வீட்டுக்குப் போனேன். அங்கே ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் இருக்கிறார், அவர் கையில் நரம்பைக் கண்டுபிடிப்பது அவரிடம் தீர்ப்பு வாங்குவதைவிடக் கஷ்டம். ஒருவழியாக எடுத்து, குழாயைக் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டு வெளியே வந்தால் கார் திறக்கவில்லை. சாவியைக் காட்டினேன், ஃபோனைக் காட்டினேன், கைப்பிடியைத் தட்டினேன், கெஞ்சினேன். கல்லு மாதிரி நின்றது. அடுத்த வீட்டில் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி வெறும் வயிற்றோடு எனக்காகக் காத்திருக்கிறாள். கையில் அன்று காலை எடுத்த ரத்தம் முழுக்க. நாளைக்கு வருகிறேன் என்று அவளை ஃபோனில் சமாதானப்படுத்தினேன்.

வாடகை வண்டி பிடித்து ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் நேரம் தாண்டிவிட்டது. குழாய்களில் இரண்டை எடுத்துக்கொள்ள முடியாது என்றுவிட்டார்கள். ஒன்று நீதிபதியுடையது. இத்தனை வருஷத்தில் என் பெட்டியிலிருந்து ஒரு குழாயைத் திருப்பியதில்லை. இன்றைக்குத் திரும்பப் போய் அதே கையில் குத்தினேன். அவர் சட்டையை மடித்துவிட்டுக் கையை நீட்டினார், அதுதான் பெரிய தண்டனை.

நேற்றுச் சாயங்காலமே மேட்டுத்தெருவுக்குச் சர்வீஸ் பெண் ஒருத்தி வந்தாள். உன் வயதுதான் இருக்கும். முன்பக்கத்தைத் திறந்து ஏதோ வயரை மாட்டி உயிர் கொடுத்தாள். பெரிய பேட்டரியில் சார்ஜ் ததும்புகிறது, சின்னதுதான் வறண்டு கிடந்தது. "ஆப்ப யாரும்மா அடிக்கடி பாக்குறது?" என்று கேட்டாள். எதற்குக் கேட்கிறாய் என்றேன். அவள் சொன்னாள்: "நிறுத்தி வச்சா கார் தூங்கிடும். ஒவ்வொரு தடவ ஆப்பத் திறக்கும்போதும் அது முழிச்சு, எங்க இருக்கேன், எவ்வளவு சார்ஜ் இருக்குன்னு பதில் சொல்லும். அந்தப் பதிலச் சொல்லுறது சின்ன பேட்டரி. தூங்குற பிள்ளையத் தட்டித் தட்டி எழுப்புனா என்ன ஆகும்? பேட்டரியும் பழசு. ஓட்டுறப்ப கொஞ்சம் ஏறுது, நிறுத்துனதும் இறங்குது. மொத்தம் எத்தன பேரு பாக்குறீங்க?"

"ஒருத்திதான். ஆனா ஒன்பது பேருக்குச் சமம்" என்றேன்.

புதுச் சின்ன பேட்டரி வர நாளாகுமாம். அதுவரை யாரும் சும்மா சும்மா பார்க்காமல் இருந்தால் இதுவே தாங்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆக, இணைப்பை அறுத்தது நீதான். என் காரைப் பார்த்துப் பார்த்தே கொன்றிருக்கிறாய். சரி செய்து கொடுத்த கொஞ்ச நேரத்தில், ஆப்பில் நாம் இரண்டு பேர் பெயரும் இருக்கிற பக்கத்தில், உன் பெயருக்கு நேரே 'இப்போது பார்த்தார்' என்று வந்துவிட்டது. அங்கே பெட்டிகளைப் பார்க்கிறாயா, இல்லை என்னைப் பார்க்கிறாயா?

உன் ஃபோனை அதிலிருந்து எடுத்துவிடு. எனக்கு இந்தக் காரில் பிழைப்பு இருக்கிறது.

அம்மா


பிப்ரவரி 18

அம்மா,

பதிலை நான்கு தடவை எழுதி அழித்தேன். முதலாவதில் கோபம், மற்றதில் எல்லாம் அழுகை.

நீதிபதி கையில் திரும்பக் குத்த வேண்டி வந்ததற்கு மன்னித்துக்கொள். உனக்கு அது எத்தனை அவமானம் என்று எனக்குப் புரிகிறது.

பெட்டிகளைப் பார்க்கிறாயா என்று நீ கேட்டாய். உண்மையைச் சொல்கிறேன். போன வாரம் வட்டம் சுற்றுகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஏழாவது பட்டையில் ஒரு குழந்தை வண்டி குறுக்கே மாட்டிக்கொண்டது. நான் கவனிக்கவில்லை. பின்னால் வந்த பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, சுவரோடு அமுங்கி, ஒரு சூட்கேஸ் வாயைப் பிளந்து யாருடைய சட்டைகளோ பறந்தன. மேற்பார்வையாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். இல்லை, எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்றேன். சொல்லும்போதே எனக்கு அசடு வழிந்தது. நன்றாக இருக்கிற ஒருத்தியைத்தானே இத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்?

என் ஃபோனை நீக்கிவிட்டேன். 'உறுதியாக நீக்கவா?' என்று கேட்டது. இல்லை என்று சொல்லவும் பொத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பொத்தானுக்கும் நடுவில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பச் சேர வேண்டுமென்றால் நான் அனுமதி கேட்க வேண்டுமாம், நீ தர வேண்டுமாம்.

வேலையை விடு என்று இனிச் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். கடைசி வீடு முடிந்து வந்ததும் ஒரு வரி அனுப்பு. அதற்குக் கார் முழிக்க வேண்டியதில்லை.

உன் மகள்


பிப்ரவரி 19

வந்துவிட்டேன்.

கார் நன்றாக இருக்கிறது. தமிழும் பேசுகிறது.

அம்மா


பிப்ரவரி 23

சில்வண்டுக்கு,

தினமும் ஒரு வரி அனுப்புகிறேன், உன்னிடமிருந்து பதிலே இல்லை. வரி வந்தது என்றாவது ஒரு வார்த்தை எழுதினால் விரல் தேய்ந்துவிடுமா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாயா? நான் காரிலிருந்துதான் உன்னை எடுக்கச் சொன்னேன்.

அங்கே குளிர் எப்படி இருக்கிறது? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? உன் வீட்டுக்காரம்மா கீழ்த்தளத்தில்தானே இருக்கிறார், நீ காலையில் எழுந்து போகிறதைப் பார்ப்பாரா? இல்லை, அவரவர் கதவை அவரவர் சாத்திக்கொள்கிற வீடா? அவருடைய எண்ணை எனக்கு அனுப்பி வை. சும்மாதான்.

அம்மா


பிப்ரவரி 25

அம்மா,

முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. என்னைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள், பயிற்சி, தலைக்கு மேல் வேலை. உன் வரி தினமும் வருகிறது. படிக்கிறேன், ஃபோனைப் பைக்குள் போடுகிறேன், பெட்டிகளைப் பார்க்கிறேன். முதல் இரண்டு நாள் கை நமநமவென்றது. ஆப் இருந்த இடத்தைத் தானாகவே போய்த் தொட்டது. அப்புறம் பழகிவிட்டது. நேற்று இடைவேளையில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து ஒரு ஆரஞ்சு உரித்துத் தின்றேன். முழுப் பழத்தையும், வேறு எதையும் பார்க்காமல். என்னவோ பெரிய சாதனை மாதிரி இருந்தது, சிரிக்காதே.

நீ சொன்னதுதான் சரி. காரைத் தூங்க விட்டேன், எனக்கும் தூக்கம் வருகிறது. சின்ன பேட்டரி தாங்குகிறதுதானே? இப்போது அதைத் தொந்தரவு செய்ய யாரும் இல்லை.

வீட்டுக்காரம்மா எண் எதற்கு? அவர் தன் பூனையையே பார்ப்பதில்லை.

உன் மகள்


பிப்ரவரி 27

என் சில்வண்டுக்கு,

தாங்கவில்லை. கார் இன்று காலை திரும்பவும் செத்துவிட்டது.

நல்லவேளை, வீட்டு வாசலிலேயே. பல்மருத்துவர் தன் காரில் என்னையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகச் சுற்றினார், குழாய் எதுவும் கெடவில்லை. மத்தியானம் அதே சர்வீஸ் பெண் வந்தாள். உயிர் கொடுத்துவிட்டு, வயரைச் சுருட்டிக்கொண்டே, "உங்க பொண்ணோட ஃபோனத்தான் எடுத்தாச்சுன்னீங்களே. இப்ப யாரும்மா பாக்குறது?" என்று கேட்டாள். சந்தேகமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். 

நான்தான் பார்த்தேன்.

இன்று நேற்றல்ல. உன் மேல் பழியைப் போட்டேனே, அப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காரை ஜன்னலிலிருந்தே பார்க்கலாம், சிக்னலுக்காக மேலே கொண்டு வந்ததிலிருந்து அது வாசலில்தான் நிற்கிறது. நான் பார்த்தது அந்தப் பெயர்ப் பக்கத்தை, கார் வராவிட்டாலும் அது வரும். உன் பெயருக்கு நேரே 'இப்போது பார்த்தார்' என்று வந்தால், என் பெண் எழுந்துவிட்டாள், கையும் காலும் நன்றாக இருக்கின்றன, என்னைத் தேடுகிறாள் என்று தெரிந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பத் திறப்பேன். திரும்ப 'இப்போது'. எனக்கு அது போதும், இன்னொரு வீட்டுக்குப் போவேன், ஊசியைப் பிரிப்பேன். ஃபோனை எடுக்காமல் உன்னோடு வீம்பு பிடித்துக்கொண்டிருந்த நாட்களில் எல்லாம் எனக்கு இருந்த தைரியம் அதுதான். நீ உன் ஃபோனில் காரை எழுப்ப, நான் என் ஃபோனில் காரை எழுப்ப, பாவம், அது யாருக்கென்று பதில் சொல்லும்?

நீ நீக்கிவிட்டேன் என்று எழுதியதும் உன் பெயர் போய்விட்டது. நான்தான் கேட்டேன், நான் கேட்டபடியே செய்தாய். ஆனால் அந்தப் பக்கத்தில் என் பெயர் மட்டும் தனியாக நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. அனுமதி கேட்டிருக்கிறாளோ, பெயர் திரும்ப வந்திருக்கிறதோ என்று திறந்து திறந்து பார்த்தேன். நீ பார்த்ததைவிட நான் பார்த்தது அதிகமாகத்தான் இருக்கும். நீ ஆரஞ்சு தின்றதாக எழுதியிருந்தாய். சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தோடே போய் மறுபடியும் ஆப்பைத் திறந்தேன்.

உன் அப்பாவை நினைத்து நீ எனக்காகப் பயப்படுகிறாய். எனக்கு என்ன ஆனாலும் ஒரு மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிடும்டி. வெறும் வயிற்றோடு இருக்கிறவர்கள் ஊசிக்காரி ஏன் வரவில்லை என்று ஆய்வகத்தையே இரண்டாக்கிவிடுவார்கள். உனக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? பூனையைக்கூடப் பார்க்காத ஒரு அம்மாள். அறைக்குள் நீ தலையைச் சாய்த்துவிட்டால் எல்லாரும் தூங்குகிறாய் என்றுதானே நினைப்பார்கள்?  அந்த நினைப்போடு நான் யார் நரம்பைத் தேடுவது?

வேலையை விடு என்று நீ சொன்னபோது எனக்கு வந்த கோபம் வேலையைப் பற்றியது இல்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் நாள் பூராவும் உன்னை நினைத்தே செத்துப்போவேன் என்ற பயம். அதைச் சொல்லத் தெரியாமல் ஃபோனை வைத்தேன். விரல் படவில்லை, நான்தான் வைத்தேன்.

சர்வீஸ் பெண்ணிடம் உண்மையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. என் ஃபோனை வாங்கி, ஆப்பை அழித்துவிட்டு, "சாவி இருக்குல்ல, அதுல திறந்துக்குங்க" என்றாள். "உங்க பொண்ணுக்கு ஃபோன் நம்பர் இருக்கும்ல?" என்றும் கேட்டாள்.

இதை அனுப்பிவிட்டு உன்னைக் கூப்பிடப் போகிறேன். வேலையில் இருந்தால் எடுக்காதே, பெட்டிகள் குவிந்துவிடும், மேற்பார்வையாளர் திட்டுவார். ஆனால் நீ எடுக்காவிட்டால் நான் என்னவெல்லாம் நினைப்பேன் என்று உனக்கே தெரியும். குவிந்தால் குவியட்டும், எடுத்துவிடு.

அம்மா